நிச்சலனத்தின் சரித்திரம்

சித்திரப் படத்துக்கு உயிர் சலனமே என்பது பொதுவான எண்ணம். எழுதி வைத்த உருவம் எழுந்து நடக்கிறது என்னும் ஆச்சரியத்திலேதான் அக்கலை பிறந்தது; ஆகையால் அசைவு எவ்வளவுக்கெவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கவ்வளவு மேன்மையும் மிகுதி என்று கருதுவது இயல்பே. ஆனால், ஜப்பானியரின் அனிமே தொடர்களைப் பழையவை புதியவை என்ற பேதமின்றிப் பல வருஷங்களாகப் பார்த்துவரும் ரசிகன் என்ற முறையில், இதற்கு நேர்மாறான ஓர் அபிப்பிராயம் எனக்கு நாளடைவில் உறுதிப்பட்டிருக்கிறது. உருவங்கள் ஓடியாடும் இடங்களைக் காட்டிலும் அவை அசையாது நிற்கும் இடங்களிலேயே அக்கலையின் மகிமை வெளிப்படுகிறது என்பதும், பணமும் காலமும் போதாமையால் நேர்ந்த அந்த நிச்சலனத்தை மனத்தின் பாஷையாக மாற்றிக்கொண்ட கலைஞர்களின் கதையே அனிமேயின் சரித்திரம் என்பதுமே அந்த அபிப்பிராயம்.

ஜப்பானில் இத்தொழில் 1917-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஓடென் ஷிமோகாவா, ஜுன்இச்சி கோவுச்சி, செய்டாரோ கிதாயாமா என்னும் மூவர் அவ்வாண்டில் சில நிமிஷங்களே ஓடும் படங்களை வெளியிட்டனர். மழுங்கிய வாளை வாங்கி ஏமாந்த ஸாமுராய் ஒருவனைப் பற்றிக் கோவுச்சி எழுதிய படம் வெகுகாலம் தொலைந்து கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் ஒஸாகா நகரத்துப் பழம்பொருள்களிடையே அகப்பட்டது. கிதாயாமாவின் ஸ்டூடியோவை 1923-இல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் அழித்தது. யுத்த காலத்தில் கடற்படையின் பணத்தைக் கொண்டு மொமோடாரோ என்னும் பழங்கதை நாயகனை வைத்து எடுத்த முழுநீளப் படம் ஒன்று 1945 ஏப்ரலில் வெளியாயிற்று. குண்டுவீச்சில் எரிந்துபோன ஒஸாகாவில் அதைப் பார்த்த 16 வயது இளைஞர் ஒருவர், தாமும் ஒரு நாள் இத்தகைய படத்தை எடுத்தே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்டார். ஒஸாமு டெஸுகா என்பது அவர் பெயர்.

யுத்தத்துக்குப் பின் 1956-இல் டோயி கம்பெனி சித்திரப் படத்துக்கென்றே ஒரு ஸ்டூடியோவை நிறுவி, 1958-இல் வெள்ளைப் பாம்பின் காதலைச் சொல்லும் சீனக் கதையை முழுநீள வர்ணப் படமாக அளித்தது. டோயியின் லட்சியம் அமெரிக்க டிஸ்னியைப் போல் அசைவு ததும்பும் படங்களை எடுப்பது. அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அறிய அக்காலத்து வேலைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை அனுபவசாலி ஒருவர் காகிதத்தில் வரைவார். அந்த நிலைகளுக்கு நடுவே வரவேண்டிய சித்திரங்களை இளையவர்கள் நிரப்புவார்கள். காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் நிற்பதற்காக ஒவ்வொன்றிலும் துளையிட்டு, மேஜையில் உள்ள முளைகளில் மாட்டுவார்கள். பிறகு கோடுகளை ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தகட்டில் படியெடுத்து, கோடு கெடாதிருக்கும்பொருட்டுத் தகட்டின் பின்புறத்தில் வர்ணம் தீட்டி, பின்னணிச் சித்திரத்தின்மேல் வைத்து, காமிராவால் ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 பிம்பங்கள் வேண்டும்.

இவ்வளவு பிரயாசை வாய்ந்த கலையை வாரந்தோறும் அரைமணி நேரம் தொலைக்காட்சியில் அளிப்பது அசாத்தியம் என்று அனைவரும் எண்ணியிருந்த காலத்தில், 1963 ஜனவரி 1-ஆம் தேதி டெஸுகாவின் முஷி புரொடக்ஷன் தயாரித்த, 'ஆட்டம்' என்னும் இயந்திரச் சிறுவனின் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அவர் கைக்கொண்ட உபாயம் எளியது. ஒரு சித்திரத்தையே மும்முறை படம் பிடித்து, விநாடிக்கு எட்டுச் சித்திரங்களோடு முடித்துக்கொண்டார். பேசும்போது வாயை மட்டும் அசைத்தார். அசையாத சித்திரத்தின்மேல் காமிராவை நகர்த்தினார். ஒரு தரம் வரைந்ததைப் பாதுகாத்து வேறு அத்தியாயங்களிலும் பயன்படுத்தினார். இப்படியாக 193 அத்தியாயங்கள் நான்கு வருஷங்களில் வெளிவந்தன.

இன்று பார்ப்பவர்க்கு ஆட்டத்தின் அசைவு தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதாகவே தோன்றும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதன் கதையைக் கவனியுங்கள். விபத்தில் மகனைப் பறிகொடுத்த விஞ்ஞானி ஒருவர் அவன் சாயலிலேயே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். வருஷங்கள் சென்றும் அவன் வளரவில்லையே என்று கோபம் மூண்டு, அவனைச் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். குழந்தைகளுக்கான தொடரின் முதல் அத்தியாயத்திலேயே தந்தையின் துக்கத்தையும் கொடுமையையும் ஒருங்கே வைத்த துணிவு அபாரமானது. அசைவில் ஏழையான தொடர் கதையில் செல்வம் மிக்கதாக இருக்கலாம் என்பதை முதன்முதலில் ஸ்தாபித்தது அதுதான்.

எனினும் டெஸுகா செய்த மற்றொரு காரியத்தின் பலன் கசப்பானது. தொடரைத் தயாரிப்புச் செலவுக்கும் குறைந்த விலைக்கே அவர் தொலைக்காட்சிக்கு அளித்தார். குறைந்த தொகையை மிட்டாய், பொம்மை முதலியவற்றில் ஆட்டத்தின் உருவத்தைப் போடும் உரிமையாலும், அமெரிக்காவுக்கு விற்ற பணத்தாலும், தாம் படக்கதை எழுதிச் சம்பாதித்ததாலும் ஈடு செய்தார். ஆனால் அந்தக் குறைந்த விலையே பின்வந்தவர்க்கும் வழக்கமாகி, அதன் பாரம் வரைகிறவர்களின் கூலியில் விழுந்தது. டெஸுகா காலமான 1989-இல், டோயியில் பணிபுரிந்த இயக்குநர் ஹயாவோ மியாஸாகி இதைக் குறித்து வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன்.

முஷி புரொடக்ஷன் 1973-இல் கடனில் முழுகிற்று. ஆனால் அங்கே பயின்றவர்கள் அடுத்த தலைமுறையின் ஆசிரியர்களானார்கள். அவர்களில் ஒஸாமு டெஸாகியை முதலில் சொல்ல வேண்டும். 1970-இல் அவர் இயக்கத் தொடங்கிய 'நாளைய ஜோ', டோக்கியோவின் கூலிக்காரர் சேரியில் ஒதுங்கிய அநாதைப் பையன் ஒருவன் குத்துச்சண்டை வீரனாகும் கதை. அதன் மூலமான படக்கதையில் ஜோவின் எதிராளி ரிகிஇஷி இறந்தபோது, கவிஞர் ஷூஜி தெராயாமாவின் ஏற்பாட்டில் அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு 1970 மார்ச்சில் மெய்யாகவே இரங்கல் சடங்கு நடந்தது என்றால், ஜனங்கள் அக்கதையில் எவ்வளவு தோய்ந்திருந்தனர் என்பதை ஊகிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் காட்சி உச்சத்தை எட்டும் கணத்தில் சட்டென்று நின்று, முரட்டுக் கோடுகளும் அடர்ந்த வர்ணமும் கொண்ட ஓவியமாக உறைந்துவிடும் உத்தியை டெஸாகி கையாண்டார். ஜோவில் முளைவிட்ட அது, 1980-இல் வந்த அதன் இரண்டாம் தொடரில் பூரணமாயிற்று. அடிபட்டு விழும் முகம் அப்படி உறையும்போது, பார்ப்பவன் அந்தக் கணத்தை ஆயுள் உள்ளவரை நினைவில் சுமக்கிறான். டெஸுகா சிக்கனத்துக்காக நிறுத்தினார். டெஸாகி அர்த்தத்துக்காக நிறுத்தினார்.

டோயியின் பரம்பரை வேறு மார்க்கத்தில் சென்றது. அங்கே தொழிலாளர் சங்கத்தில் தோளோடு தோள் நின்ற இஸாவோ தகஹதாவும் மியாஸாகியும், வெளியேறிய பின், 1974-இல் 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்டி' தொடரைப் படைத்தார்கள். அதற்காக ஸ்விட்ஸர்லாந்துக்கே சென்று மலையையும் குடிசையையும் நேரில் ஆராய்ந்தார்கள். 52 அத்தியாயங்களுக்கும் காட்சி அமைப்பை மியாஸாகி வாரந்தோறும் வரைந்தார். முதல் அத்தியாயத்தில், மூட்டை தூக்கும் சிரமத்தைத் தவிர்க்கச் சித்தி அவ்வளவு உடுப்புகளையும் சிறுமிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி அழைத்துவருகிறாள். வெயிலில் வியர்த்து மலையேறும் ஹெய்டி, வழியில் ஆடுகளைக் கண்டதும் உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளாடையோடு புல்வெளியில் ஓடுகிறாள். நகரத்துப் பாரமெல்லாம் நீங்கி ஒரு குழந்தை சுதந்திரம் அடைவதை, ஒரு வார்த்தையும் சொல்லாமல், உடுப்பைக் கழற்றும் சாதாரணச் செயலாலேயே காட்டிவிட்ட இந்த இடத்துக்கு நிகரான தொடக்கத்தை வேறெந்தத் தொடரிலும் நான் கண்டதில்லை. இங்கே உருவம் நிற்கவில்லை, கதை நிற்கிறது. அவசரமாக நடக்க வேண்டிய சம்பவம் எதுவும் இல்லாமல், பாலும் பாற்கட்டியும் ரொட்டியும் நிரம்பிய ஒரு நாளை நாளாகவே அனுபவிக்க விடுகிறார் தகஹதா. அதுவும் ஒரு வகை நிச்சலனமே.

ஹெய்டி ஓடிய அதே ஞாயிறு மாலை வேளையில் போட்டியிட்டு, பார்ப்பவர் போதாமல் 26 அத்தியாயங்களோடு முடிந்தது 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாடோ'. 1977-இல் அதைச் சுருக்கிப் படமாக வெளியிட்டபோது, இளைஞர்கள் இரவெல்லாம் தியேட்டர் வாசலில் காத்துநின்றனர். 1979-இல் தொடங்கிய 'காண்டம்' தொடருக்கும் அதே கதிதான்; பொம்மை விற்பனை எதிர்பார்த்தபடி நடவாததால் 43 அத்தியாயங்களில் நிறுத்தப்பட்டது. பிறகு ரசிகர்களின் அன்பே அதை மீட்டது. இயக்குநர் யோஷியுகி டோமினோவும் முஷியில் பயின்றவர்தாம். சித்திர மேற்பார்வையாளர் யாசுஹிகோ உழைப்பு மிகுதியால் நோய்வாய்ப்பட, பிற்பகுதியின் சித்திரங்கள் சீர்குலைந்தன. ஆயினும் 13-ஆம் அத்தியாயத்தை யார் மறக்க முடியும்? வெகுநாள் கழித்துத் தாயைக் காணவரும் சிறுவன் அமுரோ, அவள் கண்ணெதிரிலேயே பகைவீரன் ஒருவனைச் சுடுகிறான். தன் பிள்ளை இப்படியாகிவிட்டானே என்று அவள் பதறுகிறாள். விடைபெறும்போது அவன் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. போர்வீரனைப் போல் விறைத்து நின்று சல்யூட் செய்துவிட்டுத் திரும்புகிறான். யுத்தம் ஒரு பாலகனை என்ன செய்கிறது என்பதற்கு, ஆயிரம் வெடிச் சத்தங்களைவிட அந்த விறைத்த தேகம் சிறந்த சாட்சி.

நிச்சலனத்தின் எல்லையைத் தொட்டது ஹிதேயாகி அன்னோவின் 'நியான் ஜெனஸிஸ் எவாஞ்சலியன்'. 1995-ஆம் ஆண்டு ஜப்பானுக்குத் துயரம் மிகுந்த ஆண்டு. ஜனவரியில் கோபே பூகம்பம், மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு. அவ்வாண்டு அக்டோபரில் வந்த இத்தொடரின் 24-ஆம் அத்தியாயத்தில், தன் நண்பனை இயந்திரக் கையில் பிடித்துக்கொண்டு, கொல்வதா விடுவதா என்று நாயகன் ஷின்ஜி தவிக்கும்போது, திரையில் ஒரே சித்திரம் ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நிற்க, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஒலிக்கிறது. பணமும் காலமும் தீர்ந்துவரும் நிலையில் எடுத்த அக்காட்சியில், நாமும் அவனோடு தீர்மானிக்க இயலாமல் திணறுகிறோம். ஆனால் கடைசி இரண்டு அத்தியாயங்களை, அரைகுறைக் கோடுகளும் எழுத்துகளுமாக ஓடுபவற்றை, அதே தராசில் நிறுத்த நான் உடன்பட மாட்டேன். அவற்றில் சத்தியம் உண்டு, தைரியமும் உண்டு. கலைஞனின் களைப்பு மட்டும் கலையாக மாறவில்லை.

நூற்றாண்டு மாறியபோது செல்லுலாய்ட் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. 1969 முதல் ஞாயிறுதோறும் வரும் 'ஸஸாயே-ஸான்' குடும்பக் கதை ஒன்றே 2013 வரையில் பழைய தகடுகளைக் கைவிடாமல் இருந்தது. கருவி மாறியதால் வசதிகள் பெருகின. ஆனால் வசதி மட்டும் கலையைத் தராது. 2005-இல் ஹிரோஷி நாகஹாமா இயக்கிய 'முஷிஷி' இக்காலத் தொடர்களில் எனக்கு மிகவும் உவப்பானது. கண்ணுக்குப் புலப்படாத ஆதி ஜீவராசிகளால் மனிதர்க்கு நேரும் இடர்களைத் தீர்க்கும் கிங்கோ என்னும் ஊர்சுற்றி வைத்தியன், வனத்திலும் பனியிலும் நடந்துபோகிறான். வில்லன் இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. ஒரு கால் கரிய மையாய் மாறிய பெண் ஒருத்தி, தன் உடலில் அடைபட்டுள்ள ஒன்றை, பிறர் சொல்லும் கதைகளைச் சுவடியில் எழுதி எழுதிக் கரைக்கும் அத்தியாயத்தைப் பார்ப்பவர், மௌனத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை அறிவார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது 2019-இல் தொடங்கிய 'டீமன் ஸ்லேயர்'. அதன் 2020-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஜப்பானிய வசூல் சரித்திரத்திலேயே முதலிடம் பெற்றது; 2025-இல் வந்த படம் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளிலும் ஓடிற்று. வாள் வீச்சிலிருந்து பழைய மரச்செதுக்கு ஓவியங்களின் அலைகள் எழும் அழகை வியக்கிறேன். ஆனால் நாயகன் தன் மனத்தில் ஓடுவதையெல்லாம் ஓயாமல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். ரசிகனின் ஊகத்துக்கு விட்டுவைப்பது சொற்பம். அசைவு இவ்வளவு பெருகியும் மனம் அவ்வளவு அசையாததற்குக் காரணம் அதுவே.

அந்தக் குறையைத் தீர்த்தது 2023-இல் கெய்இச்சிரோ சைட்டோ இயக்கிய 'ஃப்ரீரென்'. முஷியில் பணிபுரிந்தவர்கள் 1972-இல் தொடங்கிய மேட்ஹவுஸ் ஸ்டூடியோவின் படைப்பு இது என்பது கவனிக்கத் தக்கது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் மந்திரக்காரி ஒருத்தி, பத்து வருஷம் உடன் அலைந்த வீரனின் சவ அடக்கத்தில், அவனை அறிந்துகொள்ள முயலவே இல்லையே என்று முதன்முதலாக அழுகிறாள். போர்க் காட்சிகளில் மின்னலாய்ப் பாயும் இத்தொடர், நினைவுக் காட்சிகளில் மூச்சை அடக்கி நிற்கிறது. எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்ற விவேகத்தில் டோயி, முஷி என்னும் இரு பரம்பரைகளும் இங்கே சங்கமிக்கின்றன என்பேன்.

இந்தச் சரித்திரத்தைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் தகாது. இத்தொழிலில் இளம் சித்திரக்காரர் பலர் இன்னமும் வரைந்த சித்திரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் அற்பக் கூலி பெறுகின்றனர். வேறு வழி உண்டு என்பதற்குக் கியோட்டோ அனிமேஷன் சான்று. 1981-இல் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடித் தகடுகளுக்கு வர்ணம் தீட்டத் தொடங்கிய அந்த ஸ்தாபனம், தன் கலைஞர்களுக்கு மாதச் சம்பளமும் பயிற்சியும் அளித்து, தரத்தில் எவருக்கும் பின்வாங்காத தொடர்களைப் படைத்தது. 2019 ஜூலையில் ஒருவன் வைத்த தீயில் அதன் ஊழியர் 36 பேர் மாண்ட பின்னும் அது பணியைத் தொடர்கிறது. சித்திரங்களின் எண்ணிக்கையில் சிக்கனம் கலையாக மலரலாம் என்பதை அறுபது ஆண்டுச் சரித்திரம் காட்டிவிட்டது. வரைகிறவர் வயிற்றில் செய்யும் சிக்கனம் எக்காலத்திலும் கலையாகாது. ஆட்டத்தின் காலத்தில் ஏற்பட்ட அந்த அநீதியைத் தீர்ப்பதே இத்தொழிலின் அடுத்த கடமை என்றும், அனிமேயை உண்மையாக நேசிப்பவர் அனைவரும் அதையே கோர வேண்டும் என்றும் நான் திடமாக நம்புகிறேன்.