ஜகதி ஸ்ரீகுமார்

மலையாளத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். பிறப்பு 1951. பெயரோடு ஒட்டியிருக்கும் ஜகதி, திருவனந்தபுரம் நகரின் ஒரு பகுதி. தந்தை ஜகதி என்.கே. ஆச்சாரி நாடகாசிரியர். மகன் மார் இவானியோஸ் கல்லூரியில் தாவரவியல் படித்தார். சென்னையில் கொஞ்ச காலம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. 1975இல் வந்த ‘சட்டம்பிக் கல்யாணி’ அவரைக் கவனிக்க வைத்தது. அதிலிருந்து 2012 வரை எத்தனை படம் நடித்தார் என்பதற்குத் திட்டமான கணக்கு இல்லை. 1,100 என்பாரும் உண்டு, 1,500 என்பாரும் உண்டு. ஆயிரத்துக்குக் கீழே யாரும் இறங்குவதில்லை. சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 30 படம், ஏறக்குறைய 12 நாளைக்கு ஒன்று. இதைச் சாதனை என்கிறார்கள். சாதனைதான், கூடவே, குணச்சித்திர நடிகரின் பிழைப்பு எதை நம்பி நடக்கிறது என்பதையும் அந்த எண் காட்டிக்கொடுக்கிறது.

கதாநாயகனுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். படம் ஓடினால் அடுத்த படத்தில் தொகை ஏறும். குணச்சித்திர நடிகருக்கு நாள்தான் கணக்கு. நாலு நாள் கால்ஷீட், பிறகு டப்பிங், அதற்குள் வேறொரு செட். ‘கிலுக்கம்’ (1991) படத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுத்துப் பிழைக்கும் நிச்சல், வாய்ச்சவடால் விட்டு அடி வாங்கியே படத்தின் பாதிச் சிரிப்பைச் சம்பாதிக்கிறான். அந்த வேடத்துக்கு ஜகதிக்கு மாநில விருதும் கிடைத்தது. படம் இன்றும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஓட்டத்தின் லாபம் உரிமை வைத்திருப்பவருக்கு. நடித்தவருக்கு அன்றைய சம்பளத்தோடு சரி. கலைஞர்களுக்கு ராயல்டி உரிமை தந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2012 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வசூலிக்க முனைந்தவர்களும் பெரும்பாலும் பாடகர்களே.

அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நடித்தார்கள், இதில் குணச்சித்திர நடிகருக்கென்று தனியாக என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதாநாயகன் பிரேம் நசீருக்கு 1979இல் மட்டும் 39 படங்கள் வெளிவந்தன. 1986இல் மம்மூட்டியும் மோகன்லாலும் ஆளுக்கு முப்பதுக்கு மேல் நடித்தார்கள். ஆனால் சம்பளம் உயர்ந்ததும் அந்த இருவரும் ஆண்டுக்குச் சில படங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜகதி நிறுத்தவில்லை. பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். நாள் கூலிக்காரர் நாளைக் குறைத்தால் கூலியும் குறையும் என்பதே பொருத்தமான விளக்கம். திருவனந்தபுரத்தில் 1985இல் தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பும் 1993இல் ஏசியாநெட்டும் தொடங்கிய பிறகு தொடர்கள் பெருகின, வேலை நாள்களும் கூடின. கணக்கு மட்டும் மாறவில்லை. 2019இல் அரசிடம் கொடுக்கப்பட்டு 2024இல் வெளியான, மலையாளத் திரையுலகை ஆராய்ந்த ஹேமா குழு அறிக்கை, எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் வேலை செய்யும் வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறது. வாய்ச்சொல்லில் பேசிய சம்பளம் பாக்கி நின்றால் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது?

2012 மார்ச் 10 அதிகாலை, படப்பிடிப்புக்குப் போகும் வழியில் மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பலம் அருகே அவருடைய கார் விபத்துக்குள்ளானது. கோழிக்கோட்டிலும் பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் நீண்ட சிகிச்சை நடந்தது; உயிர் தப்பியது, பேச்சு திரும்பவில்லை. இப்படி வேலை நின்றுபோனால் என்ன கிடைக்கும்? 1994இல் திருவனந்தபுரத்தில் உருவான நடிகர் சங்கமான ‘அம்மா’, ‘கைநீட்டம்’ என்ற பெயரில் மூத்த கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தருகிறது. சங்க நிதிக்காகவே 2008இல் ‘ட்வென்டி:20’ படத்தையும் எடுத்தார்கள். இதைப் பாதுகாப்பு என்று காட்டுவோர் உண்டு. உதவி என்பதே சரி, ஏனென்றால் உழைத்த நாள்களுக்கும் இந்தத் தொகைக்கும் தொடர்பில்லை. ஜகதி 2019இல் ஒரு விளம்பரத்தில் தோன்றினார். 2022இல் வந்த ‘சி.பி.ஐ 5’ படத்தில், 1988 முதல் அந்த வரிசையில் தாம் செய்துவந்த விக்ரம் வேடத்திலேயே, சக்கர நாற்காலியில் அமர்ந்து வசனமில்லாமல் நடித்தார்.