உலோகத்தின் அடர்த்தி

ஒரு பொருளின் நிறையை அதன் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. இலங்கைப் பாடநூல்கள் நிறையைத் திணிவு என்றும் பருமனைக் கனவளவு என்றும் வழங்கும். அனைத்துலக முறையில் அலகு கிலோகிராம்/கன மீட்டர். ஆய்வுக்கூடத்தில் கிராம்/கன செ.மீ. கைக்கு எளிது. இதை 1000-ஆல் பெருக்கினால் முன்னது வந்துவிடும்.

54 கிராம் உலோகத் துண்டை அளவுக் குவளையில் போட, நீர்மட்டம் 50 மி.லி.-யிலிருந்து 70 மி.லி.-க்கு ஏறுகிறது என்று கொள்வோம். பருமன் 20 கன செ.மீ.; அடர்த்தி 2.7. அது அலுமினியமாக இருக்கலாம். இரும்புக்கு 7.87, செம்புக்கு 8.96, வெள்ளிக்கு 10.5, ஈயத்துக்கு 11.3, தங்கத்துக்கு 19.3. உலோகங்களில் மிக லேசான லித்தியம் (0.53) நீரில் மிதக்கும், ஆஸ்மியம் 22.6-ஐத் தொடும்.

வகுத்தல் எளிது, தவறு நேர்வதெல்லாம் பருமனை அளக்கும்போதுதான். துண்டில் ஒட்டிய காற்றுக்குமிழி பருமனைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி குறைந்து தெரியும். உள்ளே பொள்ளல் இருந்தாலும் இதே கதை. சிறிய பொருளுக்கோ அளவுக் குவளையே உதவாது. ஒரு சவரன், அதாவது 8 கிராம் தங்கம், அரை மி.லி. நீரைக்கூட விலக்காது.

சைரக்கியூஸ் மன்னர் ஹீரோனின் கிரீடம் சொக்கத் தங்கமா என்று ஆர்க்கிமிடீஸ் வழிந்த நீரைக் கொண்டு சோதித்ததாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். அவ்வளவு நுட்பம் அந்த முறைக்குக் கிடையாது என்பது கலிலியோவின் கருத்து. 1586-இல், இருபத்திரண்டு வயதில், பொருளைக் காற்றிலும் நீரிலும் எடைபோடும் தராசு ஒன்றை அவர் விவரித்தார். கிரீடக் கதையில் வரும் முறையைவிட இந்தத் தராசு முறையே நம்பத்தக்கது.

அதே தத்துவத்தை மின்னணுத் தராசிலும் பயன்படுத்தலாம். நீருள்ள டம்ளரைத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்க வேண்டும். பிறகு மெல்லிய நூலில் கட்டிய தங்கக் காசை, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம் அளவே விலக்கப்பட்ட நீரின் எடை. ஏறத்தாழ அதுவே கன செ.மீ.-இல் பருமனும் ஆகும். (30 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி 0.996, நுட்பமான கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.) 8 கிராம் காசுக்கு 0.45 வந்தால் அடர்த்தி 17.8, அது 22 காரட் தங்கத்துக்கு ஒத்த அளவு. சொக்கத் தங்கமானால் 0.41 வரும். இரண்டுக்கும் இடையே 0.04 கிராம்தான் வேறுபாடு என்பதால், மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்குவதில் பயனில்லை.

கலப்புலோகத்தில் அடர்த்தி ஒரே எண்ணாக நிற்பதில்லை. 22 காரட்டில் செம்பு மிகுந்தால் 17.6 பக்கம் இறங்கும். வெள்ளி மிகுந்தால் 18-ஐ நெருங்கும். அடர்த்தி ஒத்துப்போவதாலேயே உலோகம் இன்னதென்று உறுதி சொல்லவும் முடியாது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, அதன்மேல் தங்கம் பூசிய கட்டியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.