ஆல்பைன் கவுண்டி

ஆல்பைன் கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ள ஒரு கவுண்டி ஆகும். 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 1,204. மாநிலத்தின் கவுண்டிகளில் இதுவே மிகக் குறைவு.

புவியியல்

குளிர்காலத்தில் எபட்ஸ் கணவாய்ச் சாலை பனியால் மூடப்படும். அப்போது மேற்கிலுள்ள பேர் வேலியிலிருந்து கவுண்டித் தலைமையிடம் செல்ல, கவுண்டிக்கு வெளியே சுற்றித்தான் போக வேண்டும்.

வரலாறு

வாசோ பழங்குடியினர் இங்கு நெடுங்காலமாக வாழ்கின்றனர். அண்டை நெவாடாவில் 1859இல் பெரும் வெள்ளிப் படிவு வெளிப்பட்டபின், வெள்ளி தேடுவோர் இங்கும் குவிந்தனர். அதனால் 1864இல், ஐந்து கவுண்டிகளின் பகுதிகளைப் பிரித்து ஆல்பைன் உருவாக்கப்பட்டது. சில்வர் மவுண்டன் தலைமையிடமானது. எதிர்பார்த்த அளவு வெள்ளி கிடைக்காததால் பெரும்பாலோர் வெளியேறினர். 1875இல் தலைமையிடம் மார்க்லீவில்லுக்கு மாறியது. சில்வர் மவுண்டன் கைவிடப்பட்டது. வெள்ளியை நம்பி உருவான கவுண்டி மட்டும் நிலைத்தது.