மழை மறைவில் வாழும் ஊதா தவளை

இந்தப் பகுதியில் நான் பேசப்போவது ஒரு தவளையின் வரலாறு. ‘பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன மண்ணுல தவளையா?’ன்னு கேட்பீங்க. எம். புதுப்பட்டிக்கு மேற்கே தெரியுதே மலை, அதுதான் அதோட வீடு.

தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை இந்த மலை கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது காத்தும் வெயிலும்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேர்பிடிக்க, காயவைக்கத் தோதான இந்த வறட்சியும் ஒரு காரணம். அதே மழை மறைவுதான் இந்தத் தவளையையும் தனி இனமாகக் காட்டிக்கொடுத்தது.

2003-ல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பொசுய்ட்டும் இடுக்கியில் கிடைத்த ஊதா தவளையை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். உப்பிய உடம்பு, கூரான மூக்கு. மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்னும். முட்டையிட மட்டும் மழையில் வெளியே வரும். வருஷத்துக்கு ஒருதரம் தலைகாட்டுவதால் கேரளத்தில் மாவேலித் தவளைன்னும் சொல்றாங்க. அதன் நெருங்கிய உறவு கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கு. இரண்டும் ஒரே நிலமாக இருந்த காலத்து வம்சம் இது.

2017-ல் ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் கிடைத்த தவளையின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது வேறு இனம் என்றார்கள். இடுக்கித் தவளை தென்மேற்கு மழைக்கு வெளியே வரும். நம்ம தவளை வடகிழக்குப் பருவமழைக்கு வரும். கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி, 2014-ல் அகத்தியமலைக் களப்பணியில் விபத்தில் இறந்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக ‘நாசிகாபட்ராக்கஸ் பூபதி’ என்று பெயர் வைத்தார்கள்.

இதன் தலைப்பிரட்டைகள், வேகமாக ஓடும் தண்ணீரில் வாயால் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வளர்பவை. கால் முளைக்கும்வரை, மாதக்கணக்கில், ஓடை ஓடியாகணும். நடுவில் தண்ணீரை மறித்தாலோ, மழை பாதியில் நின்றாலோ, அந்த வருஷத்துக் குஞ்சுகள் அதோடு போச்சு.

2021-ல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. புலிக்குக் கிடைத்த காவல் ஓடைக்கும் சேர்த்துத்தான் என்று நாம கேட்டு வாங்கணும். வைப்பாற்றுக்குத் தண்ணி வர்றதும் இந்த மலையிலிருந்துதானே? ஐப்பசி கார்த்திகையில் மேகம் கூடினா நமக்குச் சரக்கு காயலையேன்னு கவலை. மலையில் ஒரு உயிர் அந்த மேகத்துக்காகத்தான் வருஷம் பூரா காத்துக் கிடக்கு.