பெட்டி, சாக்கு, பேணி

1892 ஆகஸ்டில் 'மியூரெக்ஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. அதை அனுப்பிய லண்டன் வணிகர் மார்கஸ் சாமுவேலிடம் ஒரு பெரிய கணக்கு இருந்தது. அதுவரை அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் மண்ணெண்ணெயைத் தகர டின்களில் அடைத்து, இரண்டிரண்டாக மரப்பெட்டியில் வைத்து ஆசியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்தால் டின் செலவு மிச்சம். விலையைக் குறைத்துச் சந்தையைப் பிடித்துவிடலாம். எண்ணெய் வந்து சேர்ந்தது, விலையும் மலிவுதான். ஆனால் வாங்குகிறவர்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது. தண்ணீர் சுமக்க, கூரை வேய, பாத்திரம் செய்ய அந்த டின்னை நம்பித்தான் ஆசியாவின் எத்தனையோ வீடுகள் இருந்தன. கடைசியில் சாமுவேல் தகரத் தகடுகளைக் கப்பலேற்றி, இந்தப் பக்கத்திலேயே சிவப்பு டின்கள் செய்ய ஏற்பாடு பண்ண வேண்டியதாயிற்று.

அந்தச் சதுர டின்னின் பிற்கால வாழ்க்கையைப் பார்ப்பதற்கு இலங்கை மலையகத்தின் லயங்கள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், பொருத்தமான இடம். நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது கந்தப்பளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன இரண்டரை அடி அகல ரயில் பாதை 1900-களின் தொடக்கத்தில் இந்த மலைக்கு வந்து, 1940-களில் மறைந்தது. அது ஓடிய காலத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே ஏறின, தேயிலை கீழே இறங்கியது. சாமான் போன பிறகு மிஞ்சியவை மூன்று: பெட்டி, சாக்கு, பேணி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குள் ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களில் பாதி இந்த மூன்றிலிருந்துதான் பிறந்தது.

முதலில் பெட்டி. தேயிலை ஈரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். அதனால் உள்ளே உலோகத்தாள் பதித்து, விளிம்புகளில் தகரப் பட்டை அடித்த பெட்டியில்தான் அது பயணம் போனது. கனத்த மரப் பலகைகளின் இடத்தை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டுப்பலகை பிடித்தது. எஸ்தோனியாவின் லூதர் ஆலையில் செய்த ஒட்டுப்பலகையை 'வெனெஸ்டா' என்ற பெயரில் லண்டன் நிறுவனம் ஒன்று உலகமெங்கும் விற்றது. பிற்காலத்தில் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையிலேயே அரசாங்க ஒட்டுப்பலகை ஆலை எழுந்தது. இலேசு, உறுதி, சீவாமலே வழுவழுப்பு. இப்படிப்பட்ட பலகையை யாருக்குத்தான் வீச மனம் வரும்?

தென்துருவக் கண்டத்திலும் யாருக்கும் மனம் வரவில்லை. எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் குழு 1908-இல் அண்டார்க்டிக்காவில் முகாமிட்டிருந்தபோது, தாங்களே எழுதி, அச்சுக் கோத்து, 'அரோரா ஆஸ்திராலிஸ்' என்ற புத்தகத்தை உருவாக்கியது. அந்தக் கண்டத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அதற்கு அட்டையானவை சாப்பாட்டுச் சாமான் வந்த வெனெஸ்டா பெட்டிகளின் பலகைகள். சில பிரதிகளில் அட்டையின் உட்புறத்தில், பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பொறித்த எழுத்து இன்றும் தெரிகிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து லிவர்ப்பூலில், ஜான் லெனன் என்ற பள்ளிக்கூடப் பையனின் 'குவாரிமென்' குழு மேடையேறியபோது, அவர்களிடம் இருந்த பேஸ் வாத்தியம் கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு, ஒரு கயிறு இழுத்துக் கட்டியது. ஷாக்கிள்டனின் அட்டைகளை நூலகங்கள் கண்ணாடிக்குள் வைத்திருக்கின்றன. குவாரிமென் கதை இசை வரலாற்றில் ஏறிவிட்டது. தேயிலை புறப்பட்ட மலையில் அதே பலகை சாமித்தட்டாகவும் அரிசிப் பெட்டியாகவும் கோழிக்கூடாகவும் ஆனதைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. அதுவும் அதே அளவு கைத்திறன்தான். ஆணியைக்கூடப் பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி அடித்த திறன்.

சாக்கின் கதை இன்னும் நெருக்கமானது, உடம்பை ஒட்டியது. தோட்டத்துக்கு வந்த அரிசியில் பெரும்பகுதி பர்மா அரிசி. அது வந்த சணல் சாக்குகளுக்குத் தாய்வீடு வங்காளம்; 1855-இல் ரிஷ்ராவில் தொடங்கி ஹூக்ளி ஆற்றங்கரை முழுக்கப் பெருகிய ஆலைகள் உலகத்துக்கே சாக்கு நெய்தன. கந்தப்பளையின் குளிரில் சாக்கின் அருமை தெரியும். மழைக்குக் கம்பளி உண்டு. ஆனால் அதைத் தோட்டம் சும்மா கொடுக்கவில்லை, தொழிலாளியின் கடன் கணக்கில் எழுதிக் கொடுத்தது. சாக்குக்கு அந்தக் கடன் இல்லை. ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றினால் படங்கு. பிரித்து, பழைய சேலையை மேலே வைத்துத் தைத்தால் படுக்கை. அந்தப் பழைய சேலையும் சும்மா இருந்ததில்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தின் உத்தரத்தில் தொட்டிலாகத் தொங்கியது. கிழிந்த பிறகு சுருட்டிச் சும்மாடாகி, கூடைக் கயிற்றின் அழுத்தம் தலையில் பதியாமல் காத்தது. இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் குறை. ஒவ்வொரு துணிக்கும் எந்த வயதில் எந்த வேலை என்று வகுத்துவைத்த அறிவு அது.

பேணி என்றால் முதலில் டின்பால் பேணி. அதற்கு இலங்கை முழுவதும் ஓர் உத்தியோகம் இருந்தது: அரிசி அளக்கும் சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து. பெரிய மண்ணெண்ணெய் டின் பீலிக்கரையிலிருந்து தண்ணீர் சுமந்தது. அடி ஓட்டையானதும் மண் நிரப்பி வாசலுக்கு வந்தது. லயத்து வாசலில் டேலியாவும் செவ்வந்தியும் ஜெரேனியமும் இப்படித்தான் டின்னில் பூத்தன.

ஏன் டின்னில்? மலை முழுக்க மண் கிடக்கும்போது?

அந்த மண் அவர்களுடையதில்லை. காம்பராவும் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரை அனுமதித்தால் லயத்தின் பின்புறச் சரிவில் ஒரு துண்டில் மரக்கறி போடலாம். அனுமதி போனால் அந்தத் துண்டும் போச்சு. வேறு லயத்துக்கு மாறும்போது தூக்கிக்கொண்டு போகக்கூடிய நிலம் டின்னுக்குள் இருந்த மண் மட்டும்தான். மரக்கறிக்கு இந்த மலையில் பழைய கதை உண்டு. 1848-இல் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை அமைத்துச் சீமை மரக்கறிகளைப் பயிரிட்டார். இன்று கந்தப்பளைக்குப் பேர் வாங்கித் தரும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் அந்த வழி வந்தவை. அவற்றைக் கொத்தி, நட்டு, பிடுங்கி, மூட்டை கட்டிய கைகளில் தோட்டத் தமிழர் கைகள் ஏராளம். நிலம் என்று எழுதிய தாள் மட்டும் அந்தக் கைகளுக்கு வரவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபோதும், 1970-களின் நடுவில் பஞ்சம் தோட்டங்களை வாட்டியபோதும், லயத்தோரத்து மரக்கறிப் பாத்திதான் உலையில் விழ ஏதாவது கொடுத்தது. அந்தப் பாத்திக்கு வேலி, துருப்பிடித்த கூரைத் தகரம். அவரைக்கொடிக்குக் கொழுகொம்பு, கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் குச்சி, அதாவது மிலாறு. அடுப்புக்குப் போக மிஞ்சியது.

இந்தக் கைவேலைகளில் ஓர் ஆபத்தானதும் உண்டு. வீசிய மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, தகரத்தில் துளை போட்டுத் திரி செருகினால் குப்பி லாம்பு. மின்சாரம் எட்டாத இலங்கைக் கிராமங்களைப் போலவே லயங்களிலும் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் பாடம் படித்தார்கள். போத்தல் உயரம், அடி இலேசு, மூடி தளர்வு. கை பட்டால் சாயும், சாய்ந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். அப்படிக் கருகி வந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் விஜய கொடகும்புர 1992-இல் மாற்று தேடினார். அவர் கண்ணில் பட்டது மார்மைட் போத்தல்: குள்ளம், கனம், தட்டையான பக்கம். அதை ஒட்டி, திருகு மூடியுடன், விழுந்தாலும் உருளாத, எளிதில் உடையாத கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்து மலிவாகச் செய்வித்தார். 1998-இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழைகளின் கைவேலையை ஏளனம் செய்யாமல், அதன் குறையை மட்டும் திருத்தியதுதான் அவர் செய்ததில் பெரிய காரியம்.

கந்தப்பளைக்கு வெளியுலகில் பெயர் தந்த மறுபயன்பாடு வேறொன்று. ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஓய்ந்துபோய்ப் பல ஆண்டு சும்மா நின்றது. 1996-இல் அது ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பழைய இயந்திரங்களை அப்படியே நிறுத்திவைத்தார்கள். குறுகிய பாதை ரயில் பெட்டி ஒன்றும் சாப்பாட்டுக் கூடமாகியது. இடிக்காமல் காப்பாற்றியது நல்ல வேலை, சந்தேகமில்லை. அதே கண்ணோடு கீழே லயத்து அடுப்படியையும் பார்த்தால், அங்கே நூறு ஆண்டுக்கு மேலாக நடப்பதும் அதே வேலைதான் என்று விளங்கும்.

ஒட்டுப்பலகைப் பெட்டி இப்போது இல்லை. தேயிலை பல அடுக்குக் காகிதப் பைகளில் போகிறது. சணல் சாக்கின் இடத்துக்குப் பிளாஸ்டிக் உரப்பை வந்தது. அது திரையாகிறது, மண் நிரப்பினால் பாத்தியாகிறது. பூச்சிமருந்து வந்த பெட் (PET) பிளாஸ்டிக் போத்தல்களில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. கழுவினாலும் நஞ்சு போகாது. 2021 மார்ச் 31 முதல் அப்படிப்பட்ட போத்தல்களில் விவசாய இரசாயனங்களை அடைப்பதை இலங்கை அரசு தடை செய்தது.

அடுத்த ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. 2022 ஜூனில், வீட்டுத் தோட்டம் போடுவதற்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கிறவருக்கு அந்த விடுமுறை இல்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு ஒதுக்கத் தொடங்கிய காணி ஏழு பேர்ச், ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் வீடும் நிற்க வேண்டும். மிஞ்சிய இடத்தில் கோவாவும் லீக்ஸும் வைக்க, உரப்பை இன்னும் கைவசம் இருக்கிறது.