தம்பையாவும் லக்கல மலைக்கிராமங்களும்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடகிழக்குச் சாரலில் உள்ளது லக்கல. களுகங்கை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய பல்லேகம நீரில் மூழ்கியபோது அப்பெயர் செய்திகளில் அடிபட்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதனை உலக ஆய்வேடுகளில் பதித்தவர் ஒரு தமிழர்: ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா.

1951இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1954இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றுத் திரும்பியவர் அவர். 1955இல் விரிவுரையாளரானார். அவர் ஈடுபட்ட தொடக்ககால ஆய்வு கிராமப் பொருளாதாரக் கணக்கெடுப்பே. என். கே. சர்க்காருடன் சேர்ந்து கண்டிப் பகுதியின் பாததும்பறையில் நடத்திய அவ்வாய்வு, ‘சிதைந்துவரும் கிராமம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1957இல் நூலாயிற்று. வயற்காணியற்ற குடும்பங்கள் மிகப் பல என்பது அதன் முக்கிய முடிவு.

மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் அதனை மறுத்து எழுதினார். தனியே சமைத்து உண்போரைத் தனிக் குடும்பமாக எண்ணியதுதான் சிக்கல் என்றார். மணமான மகன் தனி அடுப்பு மூட்டுகிறான். காணியோ தகப்பன் கையிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பவர் ஏட்டில் மகன் காணியற்றவன். நாளை அக்காணி அவனுக்கே வரவிருப்பதை அட்டவணை காட்டுவதில்லை. இளம் ஆய்வாளருக்கு இது சிறிய அடியன்று. (பத்திரிகைக்காரராகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. அறிக்கையின் முதல் எண்ணைத் தலைப்பாக்கிவிட்டு, ‘குடும்பம்’ என்று எதனைச் சொன்னார்கள் எனக் கேட்பதில்லை.)

லீச்சின் மறுப்பு முழுவதும் நியாயமானது என்று நான் கருதவில்லை. காணித் துண்டாடலும் வறுமையும் கற்பனையல்ல. ஆனால் குடும்பம் எது என்ற கேள்வி லக்கலவில் இன்னும் கூர்மையாக எழுந்தது. அங்கே சகோதரர்கள் ஒரே பெண்ணை மணந்து வாழும் வழக்கம் எஞ்சியிருந்தது. சிங்களத்தில் அதனை ‘எககெயி கேம’, அதாவது ஒரே வீட்டில் உண்ணல் என்பர். பாததும்பறையில் ஒரு காணிக்குப் பல அடுப்புகள். இங்கே ஆடவர் பலருக்கு ஓர் அடுப்பு! 1859ஆம் ஆண்டின் கண்டியத் திருமணச் சட்டம் அம்மணத்தைத் தடை செய்திருந்தும், சட்டம் ஏட்டிலும் வழக்கம் மலையிலுமாக நீடித்தன. பிறர் விந்தையாகவோ இழுக்காகவோ கண்டதைத் தம்பையா காணி, சேனைப் பயிர்ச்செய்கை, ஆள்பலம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தார். பிள்ளைகளிடையே பங்கிடப்படும் சொற்பக் காணி, சகோதரர் ஒரே குடும்பமாக இருந்தால் சிதறாது. 1966இல் வெளிவந்த அவரது கட்டுரையின் தலைப்பிலேயே லக்கல இடம்பெற்றது.

இதற்கிடையே 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டத்தையொட்டிக் கல்லோயாவில் கலவரம் வெடித்தபோது, அவர் மாணவர்களுடன் அங்கே களஆய்வில் இருந்தார். கண்டியக் கிராமங்களில் சிங்கள உழவரின் காணிக்கணக்கை எழுதிய தமிழருக்கு அந்நாட்கள் எப்படி இருந்திருக்கும்!

1960இல் யுனெஸ்கோ பணிக்காகத் தாய்லாந்து சென்றார். 1963இல் கேம்பிரிட்ஜில் ஆசிரியரானார். அன்று தம்மை மறுத்த லீச் பணியாற்றிய அதே இடம். பின்னர் சிக்காகோ, ஹார்வர்ட். இலங்கையைப் பற்றி 1986இலும் 1992இலும் அவர் எழுதிய நூல்களின் பொருள் காணியன்று, இனப்பகை.