இலுப்பைக்கடவைக் கரையும் கடலிடர் வாழ்வும்

மன்னார்க் கரையின் வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாறாகவும் முத்துக்குளிப்பின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மாதோட்டத்தின் வணிகச் சிறப்பும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் பெருமையும், அரிப்புக் கடலின் முத்து வளமும் அறிஞரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அக்கரையில் கடலுக்கும் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே குடிமக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினா அத்துணை எழுப்பப்படவில்லை. மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில் அமைந்த இலுப்பைக்கடவையையும் அதன் அயலையும் கொண்டு அவ்வினாவை நோக்குதல் பயனுடைத்து.

இக்கரை பாக்குக் குடாவை நோக்கியது. குடாவோ ஆழமற்றது. வவுனியாப் பகுதியிலே தோன்றி வடமேற்காக ஓடிவரும் பறங்கியாறு போன்ற ஆறுகள் மாரியில் பெருகி, கோடையில் வற்றிக் கிடப்பன. அவை கொணரும் வண்டல் அலை குறைந்த இக்கடலோரத்திற் படிந்து சேற்றுநிலமாகின்றது. அச்சேற்றிலே கண்டலும் கண்ணாவும் தில்லையும் வேரூன்றியுள்ளன. சங்கச் செய்யுள்களில் நெய்தல் நிலத்துக்குரியதாகக் கூறப்படும் கண்டல் இங்கு இன்றும் கண்முன் நிற்கும் மரமாகும். அதன் தாங்குவேர்கள் அலையின் வேகத்தைத் தணிப்பதோடு இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் புகலிடமாகவும் அமைகின்றன. கரைக்கு அரணாவதும் கரைவாழ் மக்களுக்கு உணவளிப்பதும் ஒரே மரமே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஊர்ப்பெயர்களும் இந்நிலத்தின் இயல்பை ஒருவாறு உணர்த்துவன. இலுப்பை என்பது உள்நாட்டு மரம். கடவை என்பது கடந்து செல்லும் வழி. அயலிலுள்ள விடத்தல்தீவு பெருநிலப்பரப்பைச் சேர்ந்ததாயினும் தீவு எனப் பெயர் பெற்றுள்ளது. நீரும் நிலமும் தெளிவான எல்லையின்றிக் கலந்து கிடக்கும் இடத்தில் இத்தகைய பெயர்கள் வழங்குதல் வியப்பன்று.

இடரோடு வாழ்வதற்கு இப்பகுதி மக்கள் கைக்கொண்ட வழிகளுள் முதன்மையானது தொழிலின் இருமையாகும். ஒருபுறம் குளத்து நீரை நம்பிய நெற்செய்கை. மறுபுறம் கரைக்கடல் மீன்பிடி. மழை பொய்த்த ஆண்டிற் கடலும், கடல் மூண்ட காலத்தில் வயலும் கைகொடுத்தன. இரண்டாவது வழி காற்றை அறிந்து இயங்குதலாகும். வாடையும் சோளகமும் மாறி வீசும் பருவங்களுக்கேற்ப மீனவர் கரைமாறிச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கம் வட இலங்கையில் நெடுங்காலம் நிலவியது. கொந்தளிக்கும் கடலோடு மோதாது, அமைதியான கரையை நாடிச் செல்வதே அவ்வழக்கத்தின் உட்பொருள் எனலாம்.

எனினும் இவ்வறிவின் எல்லையைக் கடந்த இடர்களும் நேர்ந்தன. 1964 திசெம்பர் 22 ஆம் நாள் வட இலங்கையைக் குறுக்கறுத்துச் சென்ற சூறாவளி மன்னார்க் கரையிற் கடலைப் பொங்கச் செய்து, அன்றிரவே எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடைபெற்ற கப்பற் சேவை அத்துடன் முடிவுற்றுப் பின்னர் இராமேசுவரத்துக்கு மாறியது. ஆழமற்ற குடாவிற் காற்று நீரைத் திரட்டிக் கரைமேல் ஏற்றும் என்பதை அவ்வோரிரவு இரு நாட்டினர்க்கும் உணர்த்திற்று.

2004 திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின்போது நிலைமை வேறாயிருந்தது. கிழக்குக் கரையும் தெற்குக் கரையும் பேரழிவுற்றபோது மன்னார்க் கரை பெரிதும் தப்பியது. இதனைக் கண்டற்காடுகளின் பயனென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது; பேரலை வந்த திசைக்கு இக்கரை மறைவாயிருந்தமையே முதற் காரணம். கண்டலின் உண்மைப் பயனை நிலைநாட்ட மிகையுரை வேண்டுவதில்லை.

இயற்கை செய்யாத அழிவைப் போர் செய்தது. 1990 ஒக்டோபரில் விடத்தல்தீவு முஸ்லிம் மக்கள் வடமாகாண முஸ்லிம்கள் ஏனையோருடன் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2008 யூலையில் விடத்தல்தீவும் இலுப்பைக்கடவையும் இராணுவத்தின் வசமாயின. மக்கள் வடக்கும் கிழக்குமாக இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற பின்னரே மீளக்குடியேறத் தொடங்கினர். இடப்பெயர்வில் இழக்கப்பட்டவை வள்ளமும் வலையும் மட்டுமல்ல. எந்தக் காற்றில் எந்த ஓடை நிரம்பும், எந்தத் திட்டில் நீர் ஏறாது என்பன தந்தையிடமிருந்து மகன் உடன்சென்று கற்கும் அறிவு. மக்கள் ஊரில் இல்லாத காலத்தில் அது கற்பிக்கப்படுவதில்லை.

மீண்டு வந்தோர் கண்ட கடலும் பழைய கடலன்று. இழுவைமடி மீன்பிடியைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் இலங்கையில் 2017 இல் நிறைவேறியபோதிலும், இந்திய இழுவைப் படகுகளின் வருகை ஓயவில்லை. வலையை இழந்தவன் கடனை அடைப்பதற்காகத் தகாத காலநிலையிலும் கடலுக்குச் செல்ல நேரிடுகின்றது. இவ்வாறு பொருளாதார நெருக்கடி உயிரிடராக மாறுகின்றது.

இந்நிலையில் 2016 இல் விடத்தல்தீவுப் பகுதி இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அதன் 168 ஹெக்டேர் நிலத்தை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. வழக்குத் தொடரப்பட்டதையடுத்து உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. பண்ணைகள் தொழில்வாய்ப்புத் தரும் என்பது ஒரு சாராரின் வாதம். வறுமையுற்ற கரைக்கு அவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயின் புத்தளக் கரையிற் கண்டல் அழித்து அமைக்கப்பட்ட இறாற் குளங்கள் பல 1990 களில் வெண்புள்ளி நோயால் கைவிடப்பட்டன என்பதும் அண்மைய வரலாறே. குளம் பாழாயினும் கண்டல் தானே மீள்வதில்லை.

கரைவாழ்வில் இடரை முற்றாக நீக்குதல் எக்காலத்தும் இயலாதது. இலுப்பைக்கடவைப் பகுதி மக்கள் அதனை நீக்க முயன்றாரல்லர். வயலுக்கும் கடலுக்கும், ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே அதனைப் பகிர்ந்து தாங்கினர். அவ்வாறு தாங்குதற்குரிய வழிகள் ஒவ்வொன்றாய் அடைபடும்போதே காற்றும் வெள்ளமும் பேரிடராகின்றன. கண்டலைக் காத்தலும் அதனருகே வாழ்வோரின் தொழிலுரிமையைக் காத்தலும் வெவ்வேறு பணிகளல்ல என்பதே இக்கரையின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.